யாசூரை எழுப்பியது யார்?

யாசூர் எரிமலை எப்போது உறுமினாலும் என் புருஷன் யாவுகோ தன் வேலைதான் என்று பெருமையாக நெஞ்சைத் தட்டிக்கொள்வார். வெளியூர்க்காரர்களை மலை விளிம்புக்குக் கூட்டிப்போவதுதான் அவர் பிழைப்பு. எங்கள் டன்னா தீவில் மழைக்கு ஒரு குடும்பம், கிழங்குக்கு ஒரு குடும்பம் என்று மந்திரக்கல் வைத்திருப்பார்கள். மலையை எழுப்பவும் அடக்கவும் உள்ள கல் இவர் வீட்டில். மற்றவர்கள் கல்லை வைத்துக்கொண்டு கமுக்கமாக இருப்பார்கள். இவருக்கு அது முடியாது. போன வாரம் மலை பெரிதாக வெடித்து, வந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். "நான்தான் எழுப்பினேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அப்புறம் காற்று திரும்பியது. சாம்பல் மழை ஊர்மேல் கொட்டி, அடுத்த வீட்டு நவாயுவின் கீரைத் தோட்டம் கருகிப்போனது.

"எழுப்பினவன்தான கீரைக்கும் பதில் சொல்லணும்?" என்று நவாயு எங்கள் பன்றியை அவிழ்த்து இழுத்துப்போய், பஞ்சாயத்து கூடும் ஆலமரத்தடியில் கட்டிவிட்டார்.

அது நான் தேங்காய் துருவிப் போட்டு வளர்த்த பன்றி. என் மகன் விருத்தசேதனச் சடங்கு முடிந்து, ஒதுக்கி வைத்த குடிசையிலிருந்து வெளியே வரும் நாளில் என் அண்ணன்மாருக்குக் கொடுக்க வேண்டியது. அது இல்லாவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பகலிலேயே பஞ்சாயத்து கூடியது. சாயங்காலம் ஆண்கள் அங்கே கவா வேர்ச்சாறு குடித்துக் கிறங்கும்போது பெண்கள் போகக்கூடாது; இது அந்த நேரமில்லை என்பதால் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன் பெரியவரே," என்றார் என் புருஷன், தலையைச் சொறிந்தபடி.

தலைவர் கப்பாலு கண்ணைச் சுருக்கினார். "இப்பவும் உறுமிக்கிட்டுதான இருக்கு? மேல போயி அடங்கச் சொல்லு. அடங்கினா மலை உன் பேச்சக் கேக்குதுன்னு அர்த்தம், பன்றி நவாயுவுக்கு. அடங்கலேன்னா நீ வெறும் வாய்ச்சவடால். பன்றிய ஓட்டிக்கிட்டுப் போ."

இவரைத் தனியே அனுப்ப நான் என்ன பைத்தியமா? நானும் கிளம்பினேன். சாம்பல் சரிவில் ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. ஊர் முழுக்க அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது.

விளிம்பில் நின்று இவர் மலையைக் கெஞ்சினார். "நிறுத்திடாத ராசா! இன்னும் நல்லா அடி! என் மானத்த வாங்கு, பரவால்ல!"

மலை அடித்தது. நெருப்புக் கல் பறந்தது. என் வாய், மூக்கு, கண் எல்லாம் சாம்பல். ஒரு வாரத்துக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. குழியைப் பார்த்து, "வாய மூடு, சனியனே!" என்று கத்தினேன்.

மலை மூடிக்கொண்டது. ஒரு முனகல்கூட இல்லை. என் புருஷனும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கீழே வந்து ஆலமரத்தடியில் மறுபடி கூடினோம். எல்லாரும் இவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதையில் இவர் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். போச்சு, என் பன்றி போச்சு!

"அடக்கிட்டியே யாவுகோ," என்றார் கப்பாலு.

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். "இவரு அடக்கல. அடி அடின்னுதான் கெஞ்சினாரு. நான் ஒரு அதட்டு போட்டேன், அடங்கிருச்சு. இவரு பேச்ச வீட்டுல கோழிகூடக் கேக்காது."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. இவர் என்னைப் பார்த்தார், பன்றியைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. கடைசியில், "ஆமா, அவ அதட்டினதுக்குத்தான் அடங்குச்சு," என்றார்.

"அப்ப பன்றி உங்களுக்கே," என்று கப்பாலு கையை உதறினார்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்தா மலை படாரென்று வெடிக்க வேண்டும்? நவாயுவின் வழுக்கையில் சாம்பல் உதிர்ந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

என் புருஷனுக்கு வாயெல்லாம் பல். "சொல்லு புள்ள, இப்ப எழுப்பினது யாரு?"

நான் திரும்பியே பார்க்கவில்லை. பன்றியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.