சிப்பித் தூணின் பின்பக்கம்

பெத்ராரோ நகராட்சி அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தட்டச்சராகப் பணிபுரிந்துவரும் எனக்கு, வெளியூர் விருந்தினரை அழைத்துச் செல்லும் பொறுப்பு அந்த ஏப்ரல் மாதத்துக்கு முன் ஒருமுறைகூடக் கொடுக்கப்பட்டதில்லை. அன்று மேயருக்குப் பல்வலி. துணை மேயர் லெச்சே நகரத்துக்குச் சென்றிருந்தார். ஆகவே, வடக்கே தூரின் நகரத்திலிருந்து வந்த கட்டடக்கலை வல்லுநர் துல்லியோ காவாஸ்ஸா அவர்களை ரயில் நிலையத்தில் எதிர்கொள்ளும் பேறு எனக்கு வாய்த்தது.

அவர் எதற்காக வருகிறார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்க எந்தெந்த ஊர்க் கல்லை வாங்கலாம் என்று ஒரு குழு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தது. எங்களுடையதோ, நானூறு ஆண்டுகளாகத் தேன் நிறக் கல்லை வெட்டியெடுத்து, சுற்றுவட்டார மணிக்கோபுரங்களில் பாதியை நிறுத்தி வைத்திருக்கும் ஊர். அந்தப் பட்டியலில் பெத்ராரோவின் பெயர் இடம்பெறுமா என்பதைக் காவாஸ்ஸா அவர்களின் ஒரு பக்க அறிக்கை தீர்மானிக்கும். மூன்று மணி ரயிலில் அவர் திரும்பிவிடுவார். அதற்குள் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, தட்டச்சு செய்து, கையொப்பத்துக்கு வைக்க வேண்டியது என் கடமை.

சதுக்கத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் நூன்சியோ எங்களைக் கண்டதும் வாசலுக்கே வந்துவிட்டான். படித்தவர் யாராயினும் எங்கள் ஊரில் அவர் 'தொத்தோரே'தான்.

"வாங்க தொத்தோரே, வாங்க! ஐஸ் போட்டு, பாதாம் பால் ஊத்தி, காப்பி ரெடி. கூடவே கஸ்டர்டு வெச்ச பன்னு. இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்தேன்."

"மன்னிக்கணும், நான் காலையில இனிப்பு சாப்பிடறதில்லை."

"போச்சு! இனிப்பு வேணாம்னு சொன்னவங்க ஒருத்தர்கூட இந்த ஊரப் பத்தி நல்ல வார்த்தை எழுதினதில்ல."

"நூன்சியோ, கொஞ்சம் சும்மா இரேன்" என்றேன் தாழ்ந்த குரலில்.

"கேட்டீங்களாப்பா? குயின்தினோ பேசிட்டான்! இன்னைக்கு என்ன தேதி? யாராவது குறிச்சு வெச்சுக்கோங்க!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். காவாஸ்ஸா அவர்கள் மரியாதைக்காகப் பன்னில் பாதியை உண்டார். மீதியைக் காகிதத்தால் மூடி வைத்தார். நூன்சியோ அதைக் கவனித்துவிட்டான்.

அங்கிருந்து தேவாலயத்துக்குச் சென்றோம். முன்மண்டபத்தில் நான்கு சதுரத் தூண்கள் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பால் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து இரண்டாவது தூணில் மோதியது. நெஞ்சு உயரத்தில் ஒரு கல் மட்டும் சிதைந்தது. அதற்கு ஈடாகப் புதுக் கல் கொடுத்துத் தன் கையாலேயே பதித்தவர் செசாரியா மார்ரா. தந்தைக்குப் பிறகு கல்குழியின் பொறுப்பை ஏற்ற எங்கள் ஊரின் முதல் பெண் அவர். அந்தக் கல்லின் முகத்தில், உள்ளங்கை அகலத்தில், விசிறி போல் விரிந்த கடற்சிப்பி ஒன்று உறைந்திருக்கிறது. எங்கள் மண் கடலடியாக இருந்த காலத்துச் சிப்பி அது. ஊர்ப் பெண்கள் மணக்கோலத்தில் அதன்மேல் கைவைத்துப் படம் எடுத்துக்கொள்ளாமல் வீடு திரும்புவதில்லை. செசாரியாவை ஊரார் 'சிப்பிக்காரி' என்று அழைப்பதும் அதனால்தான்.

காவாஸ்ஸா அவர்கள் சிப்பியை வியந்து பார்த்தார். பிறகு அதன் ஓரத்தில் விரலை வைத்தார். கல் ஏடு ஏடாகக் கழன்று அவர் கையில் விழுந்தது.

"இது எப்ப வெச்ச கல்லுங்க?"

"இருபத்திரண்டு வருஷம் ஆகுதுங்க ஐயா."

"மேலயும் கீழயும் இருக்கறது?"

"அதெல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முந்தினதுங்க."

அவர் பழைய கற்களைச் சிறு சுத்தியலால் தட்டினார். மணி போல் ஒலித்தன. சிப்பிக் கல்லைத் தட்டியபோது ஈரச் சாக்கைத் தட்டியது போலிருந்தது. வருத்தத்துடன் தலையசைத்தவர், என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். "பெத்ராரோவில் முற்காலத்தில் வெட்டிய கல் சிறந்தது. தற்காலத்தில் வெட்டப்படும் கல் உப்புக் காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பதில்லை. பரிந்துரைக்க இயலாது."

எழுதினேன். என் பேனா இரண்டு முறை நின்றது. மறுத்துச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று எண்ணிக்கொண்டேன்.

கல்குழிக்கு நாங்கள் சென்றது வெறும் சடங்குக்காகத்தான். ஆனாலும் அந்தக் குழியின் விளிம்பில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். ஐந்து மாடி ஆழத்துக்கு, கத்தியால் வெட்டிய வெண்ணெய் போல் நேர்நேரான சுவர்கள். கீழே வெயில் கண்ணைக் கூசவைத்தது. தண்டவாளத்தில் நகர்ந்து கல்லை அறுத்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இமையெல்லாம் வெண்தூசியுடன் செசாரியா எழுந்து வந்தார். ஐம்பத்திரண்டு வயது; தோள்கள் இன்னும் மல்லரின் தோள்கள்.

"வாங்க தொத்தோரே. கை குடுக்க முடியாது, மாவு பெசஞ்ச மாதிரி இருக்கு. குயின்தினோ, நீ ஏன் சாவு வீட்டுக்கு வந்தவனாட்டம் நிக்கற?"

அறுத்த கல்லொன்று அடியிலிருந்து பெயர்க்கப்படாமல் காத்திருந்தது. அதன் மேல்முகத்தில் அவர் உளியால் மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும் செதுக்கினார்.

"இது எதுக்குங்க?" என்றார் காவாஸ்ஸா அவர்கள்.

"வானக் குறி. ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு குறி. வானத்தைப் பாத்த பக்கம் இதுன்னு அடையாளம். மண்ணுல எப்படிப் படுத்திருந்துச்சோ, சுவத்துலயும் அப்படியே படுக்கணும். குறி எப்பவும் மேல. நிமித்தி நிறுத்தினோம்னா பொறுக்காது, ஏடு ஏடா..."

அவர் பேச்சு அங்கேயே நின்றது.

காவாஸ்ஸா அவர்கள் நேர்மையானவர். சற்று யோசித்துவிட்டு மென்மையாகக் கேட்டார்: "தேவாலயத் தூண் கல்லையும் அப்படித்தான் படுக்க வெச்சீங்களா, சிஞ்ஞோரா?"

குழியில் எல்லோரும் கைவேலையை நிறுத்திப் பார்த்தார்கள். கல்லை நிமிர்த்தி வைத்தவர் என்ற பழி எங்கள் ஊரில் எத்தகையது என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். பேக்கரித் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களின் கொள்ளுப்பாட்டனார் ஒரே ஒரு ஜன்னல் கல்லை அவ்வாறு வைத்துவிட்டார். அவர்கள் வீட்டுக் குழந்தைகளைப் பள்ளியில் இன்றும் 'நிமித்தி வீட்டுப் பிள்ளை' என்றுதான் அழைக்கிறார்கள்.

"எங்க ஊர்ல வேற மாதிரி யாரும் வைக்க மாட்டாங்க" என்றார் செசாரியா.

"அப்படின்னா சரி. கல்லுலதான் குறை" என்று கூறிய காவாஸ்ஸா அவர்கள், குழியின் மறுபக்கத்தைக் காண நடந்தார்.

செசாரியா என் சட்டையைப் பிடித்திழுத்தார். "என்னடா எழுதச் சொன்னாரு?"

அலுவல் ரகசியத்தை வெளியிடுவது விதிகளுக்குப் புறம்பானது. நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அவர் கண்முன் நீட்டினேன்.

அவர் ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். "தற்காலத்தில் வெட்டப்படும் கல்" என்ற சொற்களின்மேல் வெள்ளை விரலொன்றை வைத்தார். தாளில் சுண்ணாம்புத் தடம் பதிந்தது. பிறகு கருவிப் பெட்டிக்குச் சென்று ஒரு திருப்புளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தொத்தோரே! ஒரு தடவ திரும்பச் சர்ச்சுக்கு வரணும். கால்மணி நேரம். வரலைன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்."

நாங்கள் சதுக்கத்தை அடைந்தபோது நண்பகல் பூசை முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பங்குத்தந்தை தொன் ஜெர்வாசியோ மண்டபப் படியில் நின்றிருந்தார். அடுத்த மாதம் மணமாகவிருந்த மருந்துக்கடைப் பெண் லூயிஜினா, சிப்பியருகே தன் தாயுடன் படத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழி ஆட்கள் ஒன்பது பேரும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

இரண்டாவது தூணின் பின்புறத்தில், தேவாலயக் கதவைப் பார்த்த பக்கத்தில், மரணச் செய்திகளும் திருமண அறிவிப்புகளும் ஒட்டும் மரப்பலகை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. செசாரியா அதன் முன் நின்றார்.

"தொன் ஜெர்வாசியோ, இந்தப் பலகைய மாட்டினது யாரு, ஞாபகம் இருக்கா?"

"நீதானம்மா. இனாமாச் செஞ்சு குடுத்த. புண்ணியவதின்னு பிரசங்கத்துலகூடச் சொன்னேனே."

"அந்தப் புண்ணியத்தத் திருப்பி எடுத்துக்கோங்க."

நான்கு திருகாணிகள். நான்காவது துருப்பிடித்திருந்ததால் அவர் பல்லைக் கடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. பலகையைக் கீழே இறக்கி வைத்தார். அது மறைத்திருந்த கல்முகத்தில், வெயில் படாத வெளிறிய இடத்தில், மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும் தெரிந்தன. வானத்தைப் பார்த்திருக்க வேண்டிய குறி தேவாலயக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லூயிஜினாவும் அவள் தாயும் சிப்பியை விட்டுத் தூணின் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கல்லப் பேத்துப் புரட்டினப்போ அடிப்பக்கம் இந்தச் சிப்பி இருந்துச்சு" என்றார் செசாரியா. அவர் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. "முறைப்படி படுக்க வெச்சிருந்தா சிப்பி கீழ போய் மறைஞ்சிருக்கும். எங்க குழியில கெடச்சத ஊரே பாக்கணும்னு எனக்கு ஆசை. நிமித்தி வெச்சேன். குறிய யாரும் பாத்துடக் கூடாதுன்னு பலகைய மாட்டினேன். மூணு வருஷமா ஏடு கழலறதும் தெரியும். காலையில உங்ககிட்டப் பொய் சொன்னேன், தொத்தோரே. இந்தக் கல்லோட கூடப்பொறந்தது நூன்சியோ கடை வாசப்படி. அதே வாரம், அதே அடுக்குலேர்ந்து அறுத்தது. போய்த் தட்டிப் பாருங்க. கல்லு மேல குத்தமில்ல. நிமித்தி வெச்சவ நான்."

காவாஸ்ஸா அவர்கள் சதுக்கத்தைக் கடந்து, கடை வாசலில் மண்டியிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக மழையும் ஊர்க்காரர்களின் செருப்பும் தேய்த்த படிக்கல்லைத் தட்டினார். மணி ஒலித்தது. மறுபடியும் தட்டினார். கடைக்குள் இருந்த கோப்பைகளும் சேர்ந்து ஒலித்தது போல் எனக்குத் தோன்றியது.

திரும்பி வந்து என்னைக் குறிப்பேட்டைத் திறக்கச் சொன்னார். "பழைய வாக்கியத்தை அடிச்சிடுங்க. எழுதுங்க: கல்லில் குறையில்லை. பதித்த முறையில் பிழை. பிழைக்குப் பொறுப்பு..." என்று சொல்லி, செசாரியாவைத் தயக்கத்துடன் பார்த்தார். அந்தப் பெயர் தாளில் ஏறிவிட்டால் என்றைக்கும் இறங்காது என்பதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும்.

"செசாரியா மார்ரா. தெளிவா எழுதுடா" என்றார் செசாரியா.

"இருங்க, இருங்க!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு நூன்சியோ வந்தான். "அவ ஒருத்திய மட்டும் எப்படி எழுதுவீங்க? சிப்பிய என் கடைப் பக்கம் திருப்பி வைன்னு தெனமும் ஓசிக் காப்பி குடுத்துக் கெஞ்சினவன் நான். என் பேரப் போடுங்க!"

"ஜாக்கி புடிச்சுக் கல்ல ஏத்தினது நான்" என்றார் குழியாள் கோசிமோ. "குறி பக்கவாட்டுல இருந்தத என் ரெண்டு கண்ணால பாத்தேன். வாயத் தொறக்கல. நான் என்ன, பேருக்கு லாயக்கில்லாதவனா?"

"நான் அதுக்குத் தீர்த்தம் தெளிச்சேன்" என்றார் தொன் ஜெர்வாசியோ. "ரெண்டு தடவை."

"எங்க அம்மா அதுல கைவெச்சுத்தான் படம் எடுத்துக்கிட்டாங்க" என்றாள் லூயிஜினா. "அம்மா, சொல்லேன்!"

"உங்கம்மா எடுத்ததுல கல்லு எப்படிடி கெடும்?" என்றார் செசாரியா.

"அப்பவும் எழுதட்டும்!"

ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். 'நிமித்தி வீட்டு' வழி வந்த பெரியவர் ஒருவர் மட்டும் கைத்தடியை ஊன்றி நின்று, வாழ்நாளில் முதன்முறையாக வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "வாங்கப்பா, வாங்க! நம்ம வீட்டுல எடம் நெறைய இருக்கு!"

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கையை உயர்த்தினேன்.

"ஐயா, தயவுசெய்து மன்னிக்க வேணும். சிப்பி சதுக்கத்தப் பாத்தபடி இருக்கணும்னு அன்னைக்கு நகராட்சி ஒரு வேண்டுகோள் கடிதம் அனுப்பிச்சு. அதத் தட்டச்சு செஞ்சவன் நான். நகல் அலமாரியில இருக்கு. 'ஊரின் பெருமை ஊரின் கண்முன் நிற்க வேண்டும்'னு கடைசி வரி. அந்த வரிய மேயர் சொல்லல. நானாச் சேர்த்தேன்."

கூட்டத்திலிருந்து நூன்சியோவின் குரல் எழுந்தது: "குயின்தினோ பேசிட்டான்! ஒரே நாள்ல ரெண்டாவது தடவை!"

செசாரியா என்னைப் பார்த்தார். அவர் முகத்துத் தூசியில் இரண்டு கோடுகள் ஈரமாக இறங்கியிருந்தன. "படுபாவி, நீயுமா?" என்று சொல்லி என் முதுகில் அறைந்தார். என் கறுப்புக் கோட்டில் அந்த வெள்ளைக் கை அப்படியே பதிந்தது.

"அப்ப இந்தச் சிப்பிய என்ன பண்றது, சிஞ்ஞோரா?" என்றார் காவாஸ்ஸா அவர்கள்.

"கழட்டி, புதுக் கல்லு வெப்போம். குறி வானத்தப் பாத்து. இது மண்டபத் தரையில படுக்கட்டும், சிப்பி அடியில, எப்படிக் கெடந்துச்சோ அப்படி."

"என் கல்யாணம் முடியற வரைக்குமாவது விட்டு வைங்க அக்கா!" என்றாள் லூயிஜினா.

"சரிடி. உன்னோடதோட கடைசி."

இரண்டு மணிக்கு அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்தேன். 'கல்லில் குறையில்லை, பரிந்துரைக்கப்படுகிறது' என்ற வரிக்குப் பின், 'பிழைக்குப் பொறுப்பு' என்ற இடத்தில் பதினேழு பெயர்கள் வந்தன. முதலில் செசாரியா மார்ரா. காவாஸ்ஸா அவர்கள் ஒரு பெயரையும் நீக்கவில்லை. மூடி வைத்திருந்த பன்னின் மீதியை நூன்சியோ கொண்டுவந்து கொடுக்க, அதைத் தின்றுகொண்டே கையொப்பமிட்டார்.

இருபத்தாறு ஆண்டுகளில் நான் தட்டச்சு செய்த ஆவணங்கள் பல்லாயிரம் இருக்கும். அவை எதிலும் என் பெயர் இருந்ததில்லை. அன்று பதினேழாவது பெயராக 'குயின்தினோ லெஸ்ஸி' என்று அடித்தேன். பிழை இருக்கிறதா என்று மும்முறை சரிபார்த்தேன். பிறகு கோட்டைத் துடைக்காமலே அணிந்துகொண்டு, விருந்தினரை மூன்று மணி ரயிலுக்கு அழைத்துச் சென்றேன்.