வோய்டெக் அடைத்த சந்து

மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலைக் காப்பி குடித்து முடித்த கையோடு, யோசெஃப் என்பவனின் தலையைக் காற்று சீவிக்கொண்டு போனது. தொப்பி கழலவில்லை. நெப்ராஸ்கா சமவெளியில் அன்று பலருக்கும் பலவித நஷ்டம் என்பதால் பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

காற்றைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வடமேற்கே, அந்த மண்ணிலேயே பிறந்த பைன் கன்றுகளை வரிசையாக நட்டு, முயல் கடிக்காமல் வளர்த்தவள் அவன் மனைவி லுட்மிலா. பனிக்காலத்திலும் பச்சை மாறாத மரம். காடைக்கும் ஆந்தைக்கும் கூரை, வீட்டுக்கு மதில். ஆனால் ஐரோப்பாவில் போஹிமியாவிலிருந்து வந்து குடியேறிய அந்த ஜனங்கள் மாடு நடந்த தடத்தை மறித்து மரம் வைக்க மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற தடத்துக்காக வரிசையின் நடுவே ஒரு வண்டி நுழையும் அளவு சந்து விட்டார்கள். மரங்கள் உயர உயர, இரு பக்கமும் தடைபட்ட காற்றெல்லாம் அந்தச் சந்தில் நெருக்கியடித்து நுழைந்து கூர் பிடித்துக்கொண்டது. முதலில் கோழிகள் இறகை இழந்தன. பிறகு ஒரு கன்றுக்குட்டி நீளவாக்கில் இரண்டானது. பிறகு யோசெஃப்.

மிஞ்சியவள் மகள் ரூஷெனா. காற்றடித்தால் அவளை இரும்படுப்போடு சேர்த்துக் கட்டுவாள் லுட்மிலா. ஒருநாள் அடுப்பும் பிள்ளையுமாகச் சுவர்வரை போய் மோதியதில் பிள்ளைக்கு இரண்டு விரல் போனது. லுட்மிலா சந்தில் கன்று நட்டாள். சந்துக்கு அப்பால் நிலம் வைத்திருந்த யோசெஃபின் தம்பி வோய்டெக், மாட்டுத் தடம் என்று அதைப் பிடுங்கிப்போட்டான். மறுபடி நட்டாள். மறுபடி பிடுங்கினான்.

"கொழுந்தனாரே, இன்னொரு தடவை தொட்டா கையை வெட்டிடுவேன்."

"வெட்டு அண்ணி. இது எங்கண்ணன் விட்ட வழி."

"உங்கண்ணன் தலை போன வழி."

"அவனுக்குக் கழுத்து நீளம்."

மண்வெட்டியால் அவன் பல்லை உடைத்தாள். அவன் அவள் தோள் எலும்பை முறித்தான். இருவரும் ரத்தத்தோடு சந்தில் நிற்கையில் காற்று வந்தது. அவள் தரையோடு படுத்துவிட்டாள். வழியை விட்டுக்கொடுக்காத வோய்டெக்கைக் காற்றால் வெட்ட முடியவில்லை. ஆணியடிப்பதுபோல முழங்கால்வரை, பிறகு தொடைவரை மண்ணில் இறக்கியது. தோளுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் அவன் கால்விரல்கள் வேர்விட்டிருந்தன. இலையுதிர்காலத்தில் பட்டை கட்டி, காதுவழியே ஊசியிலை விட்டான். காற்று நின்றது. ரூஷெனாவை அவிழ்த்துவிட்டார்கள். அவன் கக்கத்தில் ஆந்தை குஞ்சு பொரித்தது.

அவன் மனைவி வ்லாஸ்தா ஞாயிறுதோறும் சூப் கொண்டுவருவாள்.

"அக்கா, கீழ்க்கிளையைக் கொஞ்சம் கழிச்சா மூஞ்சி தெரியும்."

"கீழ்க்கிளை போனா காத்து உள்ள வந்துடும்டி. இத்தனை வருஷம் பார்த்த மூஞ்சிதானே, போதாதா?"

வ்லாஸ்தா யோசித்துப் பார்த்தாள். போதும்தான் என்று சொல்லி, சூப்பை ஆறவைத்து வேரில் ஊற்றினாள்.