கடப்பாரையும் கவிநிலாவின் மூச்சும்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஒரு மாடி அறை. பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, இளஞ்செழியனும் அவன் கூட்டாளி ஜுபைரும் கம்ப்யூட்டரில் ஆடுகிற பேய் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். இருட்டு வீடு, உள்ளே ஒரு பேய், ஆடுகிறவன் கையில் ஒன்றும் கிடையாது. பேய் மூச்சு விடுவது கேட்டால் பீரோவுக்குள் ஒளிய வேண்டும். வீரம் அவ்வளவுதான்.

அந்த மூச்சு இளஞ்செழியனின் மனைவி கவிநிலாவுடையது. நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தபோது அவளே சொன்னாள்: "எப்படியும் இழுக்குது. வீணாப் போவுதே, ரெக்கார்ட் பண்ணிக்கோ. சம்பளம் வேணாம். பேரை மட்டும் கொட்டை எழுத்துல போடு." இழுத்து முடித்ததும், "இன்னொரு வாட்டி வேணுமா?" என்று மைக்கைப் பார்த்துக் கேட்பாள். மாசியில் போய்ச் சேர்ந்தாள். அந்த நேரத்தில் இளஞ்செழியன் ஆஸ்பத்திரிக்குக் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தான்.

விளையாட்டை முதலில் ஆடிப் பார்க்க வந்தவன் ஜிம் மாஸ்டர் அர்ஜுனன். புல்லட் பஞ்சரானால் தள்ளாமல் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன். மூச்சு காதருகே வந்ததும் ஹெட்போனோடு எழுந்து ஓடினான். வயர் அறுந்தும் நிற்கவில்லை. கிரிவலப் பாதையில் ஏறி, மலையை முழுதாகச் சுற்றிக்கொண்டு அதே நாற்காலிக்கு வந்து சேர்ந்தான். வழியில் யாரோ கொடுத்த சுண்டல் கையில் இருந்தது.

"புண்ணியத்துல எங்களுக்குப் பாதி மாஸ்டர்," என்றான் ஜுபைர்.

ஆனால் விளையாட்டை வாங்க வந்த சென்னைக் கம்பெனி வேறு மாதிரி சொன்னது.

"ஒளிஞ்சுனே இருந்தா எவனும் ஆட மாட்டானாம்," என்றான் ஜுபைர். "கடப்பாரை ஒண்ணு குடுக்கணுமாம். பேய் சாவணும். இல்லன்னா வாங்க மாட்டாங்களாம்."

"மூச்சு நிக்கணும்னு சொல்ற."

ஜுபைர் வேறு பக்கம் பார்த்தான். "வேற யாரையாச்சும் இழுக்கச் சொல்லலாம்பா. எங்க மாமாவுக்கு ஆஸ்துமா. பிரியாணி வாங்கிக் குடுத்தா நாள் முழுக்க இழுப்பாரு."

இளஞ்செழியனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு என்னவோ ஆனது. கடப்பாரையைச் செய்தான். அடித்தால் பேய் விழுகிறவரை புரோகிராம் எழுதினான். மூச்சை நிறுத்துகிற வரி மட்டும் வரவில்லை. ஒலி கம்ப்யூட்டரைவிட்டு எங்கேயும் போய்விடாது என்று தெரியும். இருந்தும், அவள் மூச்சைத் தன் கையாலேயே நிறுத்துவதா?

அர்ஜுனன் மறுபடி வந்தான். அதே இருட்டு, அதே மூச்சு. கடப்பாரை கைக்கு வந்ததும் பயம் மட்டும் இறங்கிப் போயிருந்தது. "வா தாயீ, வா," என்று கதவோரம் நின்று கூப்பிட்டான். ஒரே போடு. பேய் விழுந்தது. "இன்னும் ரெண்டு அனுப்புங்கண்ணா."

தரையிலிருந்து மூச்சு இழுத்தது.

மறுபடி போட்டான். இழுத்தது. மறுபடியும் போட்டான். இந்த முறை அவன் எழுந்து ஓடவில்லை. மவுசைத் தள்ளிவைத்தான்.

"அடிக்க அடிக்கப் பயமா இருக்குதுண்ணா. போன வாட்டிய விட ஜாஸ்தி."

அவன் போன பிறகும் திரையில் அவன் ஆடிய உருவம் விழுந்துகிடந்தவள் பக்கத்திலேயே நின்றது. இளஞ்செழியன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

எத்தனை அடித்தாலும் மூச்சு நிற்காது என்று எழுதினான். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மூச்சு மெல்ல மெல்ல இறங்கும். பாதியில் எழுந்தால் மறுபடி இழுக்கும்.

"கம்பெனிக்காரன் ஒத்துக்குவானா?" என்றான் ஜுபைர்.

"பேய் சாவணும்னுதானே கேட்டான்."

சோதித்துப் பார்க்க வேண்டியது இளஞ்செழியன்தான். கடப்பாரையை வைத்தான். உட்கார்ந்தான். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூச்சு தேய்ந்து, விட்டு விட்டு வந்து, நின்றது.

இளஞ்செழியன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கவிநிலா போன அன்று அவள் கட்டில் பக்கத்தில் இருந்தவன் ஜுபைர்தான்.

"இவ்ளோ நேரந்தானாடா?"

ஜுபைர் கொஞ்சம் யோசித்தான்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

இளஞ்செழியன் நேரத்தைக் கூட்டிவைத்துவிட்டு, மறுபடி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.