முந்நூறு வாழைக்கன்றும் ஒரு வலையும்

லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும் மைக்செட்டு குடித்துக்கொண்டிருந்த டீயை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடினான். பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் வேறு. அவன் கரையில் நின்று பேசினால் கடலுக்குள் இருக்கும் படகுக்குக் கேட்கும் என்பதால் ஊரே கூடி இந்தப் பெயரை வைத்துவிட்டது. இப்போது அவன் மனைவிகூட வெளியாட்களிடம் "எங்க வீட்டு மைக்செட்டு" என்றுதான் சொல்கிறாள்.

"அரசு உதவிப் பொருள். நீங்கதானே ஆளு? கையெழுத்துப் போடுங்க" என்று டிரைவர் காகிதத்தை நீட்டினார்.

தார்ப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. மூன்று இடத்தில் போடச் சொன்னார்கள், மூன்று இடத்திலும் போட்டான். நான்காவதாக ஒரு இடத்தைக் காட்டியிருந்தாலும் போட்டிருப்பான், அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதமாக அவன் கண் பூத்துக் காத்திருந்தது இந்த லாரிக்காகத்தான்.

தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே முந்நூறு வாழைக்கன்று.

சமையல் கரண்டியோடு மனைவி வெளியே வந்தாள். "என்னங்க இது?"

"வாழைக்கன்னு."

"அது தெரியுது. நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்திருக்கு?"

மைக்செட்டு டிரைவரைப் பார்த்தான். டிரைவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "விவரமெல்லாம் ஆபீஸ்ல கேட்டுக்கங்க. என் வேலை இறக்குறது." அரை மணி நேரத்தில் வீட்டு முன்னால் இருந்த மணல் முழுக்கப் பச்சையாகிவிட்டது. வாசலுக்குப் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆடு நான்கு முறை விரட்டப்பட்டு ஐந்தாவது முறையும் வந்தது.

அவன் கேட்டது வலை. சென்ற பருவத்தின் கடைசி நாளில் அவனுடைய வலை கடலடிப் பாறையில் மாட்டி, மீட்டு எடுத்தபோது பொத்தல்தான் அதிகம், வலை குறைவு. தைத்துப் பார்த்தார்கள். தைத்த இடம் நின்றது, தைக்காத இடமெல்லாம் கையோடு வந்தது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். இன்னும் ஒன்பது நாளில் கடல் திறக்கும். அதற்குள் வலை இல்லையென்றால் அவன் படகு மணலில்தான் கிடக்கும். அவன் மச்சானுடைய கரைவலையில் கயிறு இழுக்கப் போக வேண்டும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நல்ல மனிதர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைக்செட்டு சொந்தப் படகு வாங்கிப் பதினேழு வருஷமாகிறது. அதன் பிறகு இன்னொருவன் கயிற்றில் அவன் கை வைத்ததில்லை. அந்த ஒரு பெருமையைத்தான் அவன் சேர்த்து வைத்திருந்தான்.

வலை எப்படி வாழையாயிற்று என்பதற்கு உதவி முகாம் நடந்த நாளுக்குப் போக வேண்டும். விவசாயிக்குக் கன்றும் விதையும், மீனவனுக்கு வலையும் ஐஸ் பெட்டியும், மாவு மில் வைத்திருப்பவருக்கு மோட்டாரும் என்று மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே மண்டபத்தில் முகாம் போட்டார்கள். மேசைகள் மூன்று. கம்ப்யூட்டர் ஒன்று. அதில் தட்டுகிற எழுத்தரும் ஒருவர்தான். அவரை ஆபீசில் எல்லோரும் "ழகரம்" என்பார்கள். ழ-வை யாராவது ல என்றோ ள என்றோ சொல்லிவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"வாளை இல்லைங்க, வாழை. நாக்கை மேல மடிங்க. இன்னும் கொஞ்சம்." இப்படி மரியாதையோடுதான் திருத்துவார். எழுபது வயது விவசாயி ஒருவர் கன்று கேட்க வந்துவிட்டு ஐந்து நிமிஷம் நாக்கை மடித்துக்கொண்டு நின்றார். மதியத்துக்குள் ழகரமும் களைத்துவிட்டார். வாலை என்று கேட்டால் தலை நிமிராமலே வாழை என்று தட்டிக்கொண்டு போனார்.

மைக்செட்டுக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. "அடுத்து, என்ன வேணும்?" என்று எழுத்தர் கேட்டார். இவன் அங்கிருந்தே எழுந்து சொன்னான். கடலில் சுருக்கமாகச் சொன்ன சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும். அதனால் எதையும் இழுத்துச் சொல்லிப் பழகிய வாய் அது. 'வ' என்று ஆரம்பித்தது 'வா' என்று போய்ச் சேர்ந்தது. அதுவரை நாற்பது வாலைகளைத் திருத்தியிருந்த ழகரம், நாற்பத்தோராவதையும் திருத்தினார்.

தொழில் என்ற கட்டத்தில் மீன்பிடி என்றுதான் இருந்தது. ஆனால் கலப்புத் தொழிலை ஊக்குவிக்க வேண்டும் என்று அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்ததாம். வாழை கேட்கிற மீனவனைப் பார்த்து மேலே இருந்தவர்கள் மகிழ்ந்து போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே மச்சான் வந்தார். கன்றுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து வந்து, படகின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மச்சான், படகுல நடப் போறீங்களா, தண்ணியிலயா?"

"நீங்க வேற, மச்சான்."

"இல்ல, கேட்டேன். உப்புத் தண்ணிப் பழம் ருசியா இருந்தா எனக்கும் ஒரு சீப்பு வையுங்க." சிரித்துவிட்டு எழுந்தார். போகிற போக்கில், "ஒண்ணும் யோசிக்காதீங்க. என் கயித்துல உங்களுக்கு ஒரு இடம் இருக்கு" என்றார்.

வாழை கிண்டலை மைக்செட்டு தாங்கிக்கொண்டான். கடைசியாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் ஆபீசுக்குப் போனார்கள். சாட்சிக்கு ஒரு கன்றைத் தோளில் சாய்த்து எடுத்துக்கொண்டு போனான். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முகத்தை இலை வழியெல்லாம் துடைத்துக்கொண்டே வந்தது.

மூன்று துறைக்கும் ஒரே கட்டடம். கீழே வேளாண்மை. அங்கே இருந்தவர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். பெற்றுக்கொண்டேன் என்று மூன்று கையெழுத்து இருந்தது. "எங்க கணக்குல முடிஞ்சுபோச்சு. பத்து நாள்ல நட்டு போட்டோ அனுப்பணும். நடலைன்னா பேர் பட்டியல்லேருந்து போயிடும். அப்புறம் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்க முடியாது."

"எங்கங்க நடுறது? எங்க வாசல்ல மணல்தான் இருக்கு" என்றாள் மனைவி.

"அது பயனாளிதான் பாத்துக்கணும்."

மேலே மீன்வளம். அங்கே இருந்த அதிகாரி அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிப்பை அடக்கத்தான் கழற்றினார் என்பது மைக்செட்டுக்குப் பிறகுதான் புரிந்தது.

"கிடங்குல ஒரு வலை மிச்சமா கிடக்குது. எதுக்கு மிச்சம்னு மேலேயிருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. உங்ககிட்ட கொடுத்தா என் தலைவலியும் தீரும். ஆனா ஒரு திருத்தக் கடிதம் வேணும். தட்டினவர்தான் தரணும். விண்ணப்பதாரர் தப்பா சொல்லியிருந்தா திருத்தம் கிடையாது, அடுத்த வருஷ முகாமுக்கு வரணும். எழுத்தர் தப்பா எழுதியிருந்தா மட்டும்தான்."

ழகரத்தின் மேசை வராந்தா முனையில் இருந்தது. தடித்த அகராதி ஒன்று, சீவிய பென்சில் மூன்று. எல்லாம் நூல் பிடித்ததுபோல் இருந்தன.

"தப்பா? நானா?" என்றார் அவர். கோபமில்லை, உண்மையான ஆச்சரியம். "இருபத்திரண்டு வருஷத்துல என் கையால ஒரு திருத்தக் கடிதம் போனதில்லைங்க. நீங்க வாலைன்னுதான் சொன்னீங்க. மண்டபமே கேட்டுது."

"நான் வலைன்னுதாங்க சொன்னேன்."

"இப்பச் சொல்ற மாதிரி அன்னைக்குச் சொல்லலை."

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அதுதான் கஷ்டம். அதிகாரி அம்மா பின்னாலேயே வந்திருந்தார். "அவ்வளவு தூரத்திலேருந்து அன்னைக்குச் சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்லட்டும். எல்லாரும் கேட்போம்."

மைக்செட்டு வராந்தாவின் அடுத்த முனைக்கு நடந்தான். கூடவே நாலு எட்டு வந்த மனைவி, "மெதுவா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்" என்று காதைக் கடித்தாள். அவனுக்கும் தெரியும். கொஞ்சம் அடக்கி, வாயைச் சுருக்கி ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் வலை வீட்டுக்கு வந்துவிடும். மச்சானுடைய கயிறு கண் முன்னால் வந்து நின்றது.

மனசு மெதுவாகச் சொல் என்றது. தொண்டை கேட்கவில்லை. அவ்வளவு தூரத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் அதற்கு வேறு வழி தெரியாது. மைக்செட்டு சொன்னான். ஜன்னல் மேலிருந்த புறாக்கள் பறந்தன. கீழே வேளாண்மையிலிருந்து ஒருவர் படியேறி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வாலை" என்றார் ழகரம். "கேட்டீங்களா, மேடம்?"

கேட்காதவர் யாருமில்லை. அதிகாரி அம்மாவும் வருத்தத்தோடு தலையாட்டினார். மைக்செட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தோளில் இருந்த கன்று வேறு சாய்ந்து இலை மூக்கில் உரசியது. எட்டு நாள்தான் இருக்கிறது, இனி மச்சான் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மனைவி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க, படிக்காதவ கேக்குறேன். இவர் இப்பச் சொன்னதுல வர்றது எந்த எழுத்து? கல்லுக்கு வர்றதா, மழைக்கு வர்றதா?"

"கல்லுக்கு வர்ற ல."

"நீங்க தட்டின வாழையில வர்றது?"

"மழைக்கு வர்ற ழ."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

ழகரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிம்மா ஒண்ணாகும்? ல வேற, ழ வேற. ஒரு எழுத்து மாறினா பொருளே மாறிப்போகும். அதைத்தானே இருபத்திரண்டு வருஷமா நான் இந்த ஜனங்ககிட்ட..."

அங்கே நின்றுவிட்டார்.   வராந்தா பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

ழகரம் அகராதியை எடுத்தார். வாலை என்ற சொல்லைத் தேடிப் பிடித்தார். இளம்பெண் என்று போட்டிருந்தது. மூடி வைத்தார்.

"அரசு அதெல்லாம் கொடுக்கிறதில்லை" என்றார் மெதுவாக. "என்ன கேட்டீங்கன்னு நான் திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கலை. ல-வுக்கு ழ போட்டது என் கைதான்."

அந்த மனிதரை அந்த நிமிஷத்தில் மைக்செட்டுக்குப் பிடித்துப்போயிற்று. தோற்றதை இவ்வளவு சுத்தமாக ஒத்துக்கொள்கிறவரை அவன் கரையில்கூடப் பார்த்ததில்லை.

சிரித்த பெண் எழுந்து வந்தாள். அவள் விவசாயி. முகாமில் வாழை கேட்டவர்களில் கடைசிப் பெயர் அவளுடையது. கன்று தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏன் தீர்ந்தது என்று கேட்கத்தான் மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப என் பங்கு முந்நூறும் உங்க வீட்டு வாசல்லதான் இருக்கா?"

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பது. ஒண்ணு இங்க இருக்கு" என்றான் மைக்செட்டு.

அவள் அவன் தோளிலிருந்து கன்றை வாங்கி, புரட்டிக் கிழங்கைப் பார்த்தாள். "காஞ்சிருக்கு. தண்ணி காட்டினீங்களா?"

"காட்டினோம். இவர் படகு கழுவுற பக்கெட்டைத் தூக்கினாரு, நான் பிடுங்கிட்டுக் கிணத்துத் தண்ணி ஊத்தினேன்" என்றாள் மனைவி. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஏதோ புரிந்துவிட்டது.

ழகரம் கடிதத்தைத் தட்டினார். கன்று விவசாயிக்கு, வலை மீனவருக்கு. காரணம் என்ற இடத்தில் வெகு நேரம் யோசித்துவிட்டு, "விண்ணப்பதாரர் கூறியதை எழுதாமல், கூறியிருக்க வேண்டியது எனத் தட்டச்சர் கருதியதை எழுதியமையால்" என்று போட்டார். அதிகாரி அம்மா படித்துவிட்டு அந்த இடத்திலேயே கையெழுத்திட்டார். கடைசியில் ழகரம் தாளை மைக்செட்டுப் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாருங்க. சரியா இருக்குதா?"

மைக்செட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். சரியாக இருந்தது.

ஐந்தாம் நாள் வலை வந்தது. இந்தத் தடவை தார்ப்பாயை விலக்கிப் பார்த்து, கையை உள்ளே விட்டுக் கண்ணியை இழுத்துப் பார்த்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டான். அதே லாரியில் கன்றுகள் ஏறிப் போயின. ஆடு கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடியது. மிதவை கோத்து, ஈயக்குண்டு கட்டி, புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாள் வலையோடு வலையாகக் கிடந்தார்கள்.

கடல் திறந்த அன்று விடிந்ததும் கரை முழுக்க ஆள். மைக்செட்டு படகில் வலையை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். மார்பு ஒரு சுற்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. மச்சான் கண்ணில் படவேண்டும் என்று தேடினான். வாழைப் பேச்சுக்கெல்லாம் சேர்த்து ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது.

மச்சானுடைய கரைவலை ஏற்கெனவே தண்ணீரில் இருந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் ஏழு பேர். வலது பக்கம் ஆறு பேர்தான். வலது கயிறு பின்தங்கி, வலை ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டு வந்தது. ஆறாவதாக நின்று மூச்சு வாங்க இழுத்தது மச்சான்.

வேலைக்கு ஆள் கிடைக்காத கரை இல்லை அது. பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். மச்சான் யாரையும் எடுக்கவில்லை. கிண்டலுக்குச் சொல்லிவிட்டுப் போனார் என்று இவன் நினைத்த அந்த இடத்தை, மனிதர் நிஜமாகவே காலியாக வைத்திருந்தார். வலை வந்த செய்தி தெரிந்த பிறகும், ஒருவேளை அதில் ஏதாவது கோளாறு வந்துவிட்டால் என்று கடைசி நாள் வரை வைத்திருந்தார்.

மைக்செட்டு அடுக்கிக்கொண்டிருந்த வலையை அப்படியே விட்டான். யோசித்து வைத்த பதில் எங்கேயோ போய்விட்டது.

"படகைப் பாத்துக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மணலில் ஓடினான். வலது கயிற்றில் ஏழாவது ஆளாக, மச்சானுக்குப் பின்னால் போய் நின்று பிடித்தான்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத்தான் சொந்த வலை வந்துடுச்சே, மச்சான்?"

"வந்துடுச்சு. அதனாலதான் வந்தேன். இழுங்க."

கயிறு நேரானது. பதினேழு வருஷம் பயந்த கயிறு, கையில் வெறும் கயிறாகத்தான் இருந்தது. மச்சானுடைய வலை கரைக்கு வந்து சேர்ந்த பிறகு, அவரும் வந்து தோள் கொடுத்துத் தள்ள, மைக்செட்டு தன் படகைத் தண்ணீரில் இறக்கினான்.