வெறும் வில்லையைச் சுற்றி ஒரு வட்டம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் யாரும் தப்பு செய்வதில்லை, அம்மாவோடு போனில் பேசுவதில்லை. ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு ஆளே மறைந்துவிடுகிறார்கள். அந்த ஆளைக் காதைப் பிடித்து உள்ளே இழுத்துவரப் போகிறேன்.

முதல் வரி: ‘செம்பும் கரிமச் சேர்மமும் கைகோத்த அந்தப் பச்சைத் தூள், மழை நனைத்த இளந்தளிரைப் போல—’

வேண்டாம். தூள் பச்சையாக இருந்தது. போதும்.

2

அந்த ஆள் ஓர் ஆய்வு மாணவி; அவள் வீட்டில் முதல் பட்டதாரி. தான் தயாரித்த அந்தப் பச்சைத் தூள் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்கிறது என்று கருவியில் காட்டிவிட்டாள். (டிஎன்ஏ முறுக்கிய ஏணி என்றால், தூள் அதன் படிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுக்கும் விருந்தாளி.) பிடித்தால் ஆயிற்றா, கிருமியைக் கொல்ல வேண்டாமா? கிருமி பரப்பிய தட்டில், தூள் கரைசலில் தோய்த்த காகித வில்லையை வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, எதிலும் தோய்க்காத வெறும் வில்லை ஒன்று.

மறுநாள் தூள் வில்லையைச் சுற்றிக் கிருமியற்ற தெளிவான வட்டம். வெறும் வில்லையைச் சுற்றியும் அதே அளவு வட்டம்.

‘ஐயோ, என்று அவள்—’ இல்லை. அவள் சொன்னது அச்சில் வராது.

3

அவளுடைய ஆய்வு வழிகாட்டியை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன்.

“நாளைக்கு செமினார்ல உன் பேச்சுல இதைக் காட்டுவன்னு ஹெச்.ஓ.டி.கிட்ட சொல்லிட்டேம்மா. வெறும் வில்லை படத்தை மட்டும் விட்டுடேன்.”

“அதை விட்டா எல்லாத்தையும் விடணும், சார்.”

“நம்ம தூள் கொல்லுதா, இல்லியா?”

“வெறும் காகிதமே கொல்லுது. பட்டத்தை அதுக்கே குடுத்துடுங்க.”

சிரித்துவிட்டார். “சரி, மறுபடி போடு. காலையில வர்றது வரட்டும், அதையே காட்டு.” சிரிக்கிற வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4

தையல் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பேச்சைக் கேட்க வரும் அம்மா, போனில்:

“கிருமி செத்துச்சா?”

“செத்துச்சு. கொன்னது யாருன்னுதான் தெரியல.”

“நீதான்னு சொல்லிடேன். யார் கேக்கப் போறா?”

“நானே கேப்பேம்மா.”

“கேப்படி. உன் வாய் அப்படி.”

(அம்மா சொல்லும் ஒரு வார்த்தையில் மகளுக்குப் பொறி தட்டுவதாக ஒரு வரைவு வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அம்மா அப்போது பாதிக் கவனத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.)

பொறி தட்டியது மறுபடி இடுக்கியைக் கையில் எடுத்தபோது. அதை ஸ்பிரிட்டில் முக்கி, தீயில் காட்டி, ஸ்பிரிட் எரிந்து தீர்ந்த பிறகே வில்லையைத் தொட வேண்டும். முதல் தடவை அவசரத்தில் தீயை மறந்திருந்தாள். ஒவ்வொரு வில்லையோடும் ஸ்பிரிட் சொட்டிக் கிருமியைத் தீர்த்திருக்கிறது. தூள் சும்மாவே நின்றிருக்கலாம்.

“மக்கு,” என்று தன்னையே திட்டிக்கொண்டு, இம்முறை தீயில் காட்டி, ஆறவிட்டு வைத்தாள்.

5

காலை. கிருமித் தட்டை இரவெல்லாம் சூட்டில் வைத்திருந்த இன்குபேட்டரின் கதவில் அவள் கை. வெளியே அம்மா, வழிகாட்டியிடம் கழிவறை எங்கே என்று விசாரிக்கிறாள்.

முடிவு ஒன்று: தூளைச் சுற்றி மட்டும் வட்டம்.

முடிவு இரண்டு: எங்கும் கிருமி கொழுத்திருக்கிறது. ‘என் தூள் கட்டிப்பிடிக்கத்தான் லாயக்கு’ என்று அவள் மேடையில்—

எனக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் நான் எழுதக் கூடாது. என் பேனா முனையில் ஆசை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. எந்த முடிவைத் தொட்டாலும் சுற்றி ஒரு வட்டம் விழும்.

நீங்கள் திறங்கள். கை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.