ஐஸ் கிடங்குக்குப் பின்னால் இரண்டு பஸ்கள்

நகர அலுவலகத்தில் பேரிடர்ப் பிரிவின் தலைவராக இருந்த மகிஷிமாவுக்கு நான் வைத்திருந்த பெயர் எலி. குரலே எழும்பாது. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். அவரைப் பற்றி ஒருநாள் நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

நான் பஸ் டிரைவர். எங்கள் கடலோர ஊர் ஷியோகுராவின் முனையில் இருக்கும் அணு உலை பல வருடமாக நின்று கிடக்கிறது. அதை மறுபடி ஓட்ட நகரசபை சம்மதிக்க வேண்டும். ஆபத்து வந்தால் மக்களை எப்படி வெளியேற்றுவோம் என்று திட்டமும் காட்ட வேண்டும். முதியோர் காப்பகத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் பதினோரு பேரை ஐம்பது நிமிடத்தில் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருந்தது. பதினோரு பேரில் ஒருத்தி என் மனைவி ஃபுமியே. பக்கவாதம் வந்து மூன்று வருடத்துக்கும் மேலாக அங்கேதான் இருக்கிறாள்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஒத்திகை நடக்கும். ஒன்பதரைக்குச் சங்கு ஊதுவார்கள். பத்தாவது நிமிடம் நானும் கூதே என்ற இன்னொரு டிரைவரும் இரண்டு பஸ்களோடு காப்பக வாசலில் நிற்போம். எங்கள் பணிமனையோ மலைக்கு அந்தப் பக்கம், இருபத்தெட்டு கிலோமீட்டர். பறந்தா வந்தோம்? எட்டு மணிக்கே வந்து மீனவர் சங்கத்தின் ஐஸ் கிடங்குக்குப் பின்னால் பஸ்களை நிறுத்திக்கொண்டு காத்திருப்போம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் இரண்டு பஸ்ஸை மறைத்தோம். சக்கர நாற்காலியில் வருவது நகர அலுவலகத்து ஊழியர்கள். பஸ் படி வந்ததும் எழுந்து தாங்களே ஏறிவிடுவார்கள். கைதட்டுவோம். பிறகு எல்லோருக்கும் சூடான பன்றிக்கறி சூப்.

என் மனைவி அந்தக் கட்டடத்திலேயே இருந்தும் இரண்டு வருடம் நானும் அந்தச் சூப்பைக் குடித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன வருட ஒத்திகைக்கு முதல் நாள் மகிஷிமாவின் போன் வந்தது.

"தொமினாகா-சான், நாளைக்கு ஐஸ் கிடங்குக்கு வர வேண்டாம். பணிமனையிலேயே இருங்க. நான் கூப்பிட்டதும் கிளம்பினாப் போதும்."

"குடிச்சிருக்கீங்களா? நாளைக்கு நண்டு சீசன் முதல் சனிக்கிழமை. ரோடே அடைச்சுக்கும். துணை ஆளுநர் வேற வர்றாரு."

"தெரியும். டிவிக்காரங்களும் வர்றாங்க."

"உங்க சீட்டு கிழிஞ்சிடும்யா!"

"அடுத்த வாரம் சபையில அந்த ஐம்பது நிமிஷத்தை நம்பித்தான் கை தூக்கப் போறாங்க. அதை எழுதினது நான். நாளைக்கு எங்க ஆபீஸ் ஆளுங்க நாற்காலியில உட்கார மாட்டாங்க. ஃபுமியே-சானை நிஜமாவே ஏத்தணும்."

எலி போனை வைத்துவிட்டது. எனக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். பஸ் கம்பெனி சட்டப்படி மூச்சை ஊதிக் காட்டி, குடிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பவே கால் மணி ஆனது. மண் சரிந்த இடத்தில் ஒற்றை வழி, அங்கே சிவப்பு விளக்கு. அதைத் தாண்டினால் நண்டுக் கடைகளுக்கு வந்த கார்கள் வரிசை கட்டி நின்றன. ஹாரன் அடித்தேன், திட்டினேன், ஒரு புண்ணியமும் இல்லை. நானும் கூதேவும் காப்பக வாசலை அடைந்தபோது மணி பதினொன்று ஐந்து. துணை ஆளுநர் தன் கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பஸ்களில் நாற்காலியைத் தூக்கும் வசதி கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொருவராகத் தூக்கிப் படியேற்ற வேண்டும். ஆறு மாதம் முன்னால் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவர் வலியில் கத்தினார். ஃபுமியேவை நானே தூக்கினேன். கடைசி ஆள் ஏறியபோது பன்னிரண்டு பதினேழு.

"இரண்டு மணி நாற்பத்தேழு நிமிஷம்," என்று மகிஷிமா உரக்கப் படித்தார். அவருக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மாகாண அதிகாரி ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார். "மகிஷிமா-சான், நண்டு சீசன் நெரிசல், எதிர்பாராததுன்னு குறிப்பு போட்டுடுங்க. நேரம் பழையபடி ஐம்பதுன்னே இருக்கட்டும்."

எதிர்பாராதது! பெரிய அணு உலை விபத்து நடந்த அந்த வருடத்திலிருந்து எங்கள் நாட்டு அதிகாரிகள் வாயில் கற்கண்டு மாதிரி ஊறிக் கிடக்கும் சொல்.

"நண்டு வருஷா வருஷம் வருதுங்க," என்றார் மகிஷிமா. "சீசன் முடியட்டும்னு உலை காத்திருக்குமா?"

ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "அப்போ ஐம்பது நிமிஷம்கிறதுக்கு யார் பொறுப்பு?"

"நான். எதிர்பாராததுன்னு சொல்ல மாட்டேன். முடியாதுன்னு தெரிஞ்சேதான் ஆறு வருஷமா எழுதினேன். மேலே இருக்கறவங்க கேட்டாங்கதான். ஆனா எழுதினது என் கை."

எங்கள் அதிகாரிகள் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பதை டிவியில் நிறையப் பார்த்திருக்கிறேன். எப்போதும் கேமராவைப் பார்த்துத்தான் குனிவார்கள். மகிஷிமா கேமராக்களுக்கும் துணை ஆளுநருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார். பஸ் ஜன்னல்களில் தெரிந்த பதினோரு முகங்களைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார். நிமிரவே இல்லை.

அப்போது என் மனைவி, ஒரு வார்த்தை பேச ஒரு நாள் யோசிப்பவள், ஜன்னலோரமிருந்து தெளிவாகச் சொன்னாள்: "சூப்பு ஆறிப்போச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குனிந்திருந்த மகிஷிமாவின் தோள் மட்டும் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. என் கண்ணும் நிறைந்துவிட்டது. எலியாம் எலி! என் வாயில் அடுப்புக் கரியைத்தான் போட வேண்டும்.

சபை அந்த வாரம் கை தூக்கவில்லை. திட்டத்தில் 2 மணி 47 நிமிடம் என்று திருத்தி எழுதினார்கள். நாற்காலி தூக்கும் பஸ் ஒன்று வாங்கினார்கள், ஒன்றே ஒன்று. ஏப்ரல் இடமாற்றத்தில் மகிஷிமாவைக் கழிவுநீர்ப் பிரிவுக்குத் தள்ளினார்கள். தெருவில் பார்த்தால் பழையபடி தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நேற்று போன் வந்தது. அவர் இடத்துக்கு வந்திருக்கும் செரிசாவா. வெண்ணெய் தடவிய குரல்.

"தொமினாகா-சான், நாளைக்கு ஒத்திகை. மாகாணத்துலேர்ந்து பெரியவங்க வர்றாங்க, இந்தத் தடவை சுமுகமா முடியணும். எட்டு மணிக்கே ஐஸ் கிடங்குக்குப் பின்னாடி வந்துடுங்களேன்."

"பணிமனையில இருப்பேன்," என்றேன். "சங்கு ஊதினதும் கூப்பிடுங்க, கிளம்பறேன்."

"போன வருஷம் மாதிரி லேட்டாயிடுமே!"

"ஆகும். எவ்வளவு லேட்டுன்னு பார்க்கத்தானே ஒத்திகை?"

"உங்க கம்பெனியில பேச வேண்டியிருக்கும்," என்றார். வெண்ணெய் காணாமல் போயிருந்தது.

"பேசுங்க. பேர் தொமினாகா. சொன்னது நான்தான்னு சொல்லுங்க."