உதட்டில் வைத்த குண்டூசிகள்

தையல்காரனுக்கு வாயும் ஒரு கருவியே. துணியை மடித்துப் பிடிக்கையில் குண்டூசிகளை உதடுகளுக்கிடையே வரிசையாகக் கவ்விக்கொள்வது என் வழக்கம். என் ஒன்பது வயது மகள் முதலில் நடித்துக் காட்டியது அந்த வாயைத்தான். பின்னர் வாடிக்கையாளர் எவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, வெட்டுமேசையருகே அமர்ந்திருந்த அவள் உதடுகளைக் குவித்தாள், மென்றாள், மீண்டும் குவித்தாள். சட்டை வாங்க வந்தவர் கைதட்டினார்.

“மாஸ்டர், அச்சு அசல் நீங்கதான்! ஊசி மட்டும்தான் குறை.”

“அப்பனுக்குத் தப்பாத பொண்ணு,” என்று நானும் பெருமையுடன் சிரித்தேன்.

சிரிப்பு ஓய்ந்த பின்னும் அவளுடைய உதடுகள் ஓயவில்லை.

அடுத்த வாரம் அவள் உறக்கத்தை இழந்தாள், சொன்னதையே சொன்னாள், காரணமின்றி அலறினாள். “விளையாட்டு போதும்டி,” என்று அதட்டினேனே ஒழிய, நான் சிறிதும் ஐயுறவில்லை.

“இது நடிப்பு இல்லங்க. அவ கண்ணைப் பாருங்க,” என்றாள் என் மனைவி.

“எல்லாம் நீ குடுக்கிற செல்லம்!”

பதினாறாம் நாள் காலையில் வலிப்பு வந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் அம்மையார், “எப்போ ஆரம்பிச்சுது?” என்று வினவினார்.

“மூணு நாளா,” என்றேன். வெட்கம் என்னைப் பொய் சொல்ல வைத்தது.

“பதினாறு நாள், டாக்டர்,” என்றாள் மனைவி. “வாய் அசைஞ்சப்போ கைதட்டிச் சிரிச்சாங்க.”

மருத்துவர் எழுதியதை அடித்துவிட்டு நிமிர்ந்தார். “உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குதுன்னு சந்தேகப்படறேன். டெஸ்ட் முடிவு வர நாளாகும். அதுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே மருந்து ஏத்திடலாம்.”

“முன்னாடியே வந்திருந்தா?” என்றேன்.

“சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா தேற வாய்ப்பு அதிகம். உங்க பொண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது, ஐயா.”

அந்த அளவை எந்த நாடாவாலும் எடுக்க இயலாது.

ஏழு மாதங்கள் கடந்தன. அவள் நடக்கிறாள், உண்கிறாள், பாடங்களை மெல்ல மெல்லப் படிக்கிறாள். ஆயினும் எவரையும் நடித்துக் காட்டுவதில்லை.

நேற்று, தைப்பதற்குத் துணி ஏதும் இல்லாதபோதும், நான்கு குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி வாயைக் குவித்துக் காட்டினேன். அவள் நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“வாய் வலிக்குதாப்பா?” என்று கேட்டாள்.

ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து வெட்டுமேசையில் வைத்தேன்.